கானமேளா மேடையில் ஒரு சொந்தப் பாட்டு

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டும் போட்டு, தானே பாடவும் செய்கிற ஒருவருக்குக் குமரி மாவட்டத்தில் கிடைக்கும் முதல் மேடை பெரும்பாலும் திருவிழா மெல்லிசைக் கச்சேரியான கானமேளாவின் மேடைதான். பங்குத் திருவிழாவின் எட்டாம் நாளோ, கோயில் கொடைக்கு முந்தின இரவோ, மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு வேண்டியது சினிமாப் பாட்டு. கமிட்டி காசு கொடுப்பதும் அதற்குத்தான். இருபது சினிமாப் பாட்டுக்கு நடுவே, குழுத்தலைவரிடம் கெஞ்சி வாங்கிய நாலு நிமிஷத்தில் ஒரு புதுப் பாட்டு ஒலிக்கும். அந்த நேரத்தில் கூட்டம் சுக்குக்காப்பி குடிக்க எழுந்து போகலாம். அல்லது முன்வரிசையில் ஒரு கிழவி பக்கத்தில் இருப்பவளிடம், “இது யாருக்க பிள்ளை?” என்று கேட்கலாம். மேடை அடையாளம் என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

புதிதாக வருகிறவர்கள் பலரும் இதை உடையிலிருந்து தொடங்குகிறார்கள். முண்டாசு, தோளில் துண்டு, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பாசிமணி. பிறகு ஒரு பட்டப்பெயர், பிறகு ஒரு போட்டோ ஷூட். பாட்டு கடைசியில் வருகிறது. வரிசை தலைகீழ். முதலில் கட்டை, அடுத்து வாய்மொழி, அதற்கப்புறம் பெயர். உடை கடைசி.

கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. பெரும்பாலான ஆண் குரலுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் இடம் கிடைக்கும்; பெண் குரலுக்கு ஐந்திலிருந்து ஆறுக்குள். இது பொதுக்கணக்கு மட்டுமே. கானமேளாவில் வளர்ந்த குரல்கள் சினிமாப் பாட்டை ஒரிஜினல் சுருதியில் எட்டிப் பிடித்தே பழகியவை. சொந்தப் பாட்டு எழுதும்போதும் அதே உயரத்தில் மெட்டுப் போட்டுவிடுவார்கள். அறையில் ஒரு தடவை பாட வரும். மேடையில் பதினெட்டாவது பாட்டாக வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளும்.

சரியான கட்டையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. காலையில் சோதிக்கக் கூடாது. பேசி, வேலை செய்து, குரல் களைத்த சாயங்காலம் உட்கார வேண்டும். பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையை எடுத்து முழுப்பாட்டையும் நிறுத்தாமல் மூன்று தடவை பாடுங்கள். மூன்றாவது தடவை உச்சியைத் தொடக் கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். அடியில் வார்த்தை மூச்சாகக் கரைந்துபோனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் குற்றம் கட்டையில் இல்லை, மெட்டில் இருக்கிறது. வீச்சு அதிகம், குறைக்க வேண்டும். நாட்டுப்புற மெட்டுகளில் பல ஐந்தாறு சுரத்துக்குள்ளேயே சுற்றிவருவது ஏழ்மையால் அல்ல. இராத்திரி முழுக்கப் பாட வேண்டியவர்கள் கட்டிய மெட்டு அது.

கிட்டாரோடு பாடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒன்றரைக் கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கவ்வி) போட்டு சி கார்டு வடிவம், அல்லது நாலாம் ஃப்ரெட்டில் போட்டு ஏ வடிவம். ஐந்தரைக்கு முதல் ஃப்ரெட்டில் ஜி, அல்லது நாலாவதில் ஈ. நாலாம் ஃப்ரெட் வடிவங்களில் கம்பி சன்னமாக, மணிபோல ஒலிக்கும். உடுக்கையும் குடமும் கூட இருந்தால் அதுதான் நல்லது, அடி ஓசைக்கு இடம்விட்டு மேலே நிற்கும். கீபோர்டுக்காரர் என்றால் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானில் கண் வேண்டும். ஒரு பாட்டுக்கு மாற்றிவிட்டு அடுத்த பாட்டுக்குத் திரும்ப வைக்க மறப்பது கானமேளாவில் அன்றாடம் நடப்பது. உங்கள் பாட்டு உங்கள் கட்டையில் தொடங்காது, முதல் வரி முடியும்போதுதான் தெரியும். பாட்டுத்தாளின் தலையில் கட்டை, தாளம், வேகம், யார் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதி எல்லா வாத்தியக்காரர் முன்னும் வையுங்கள். தொடங்குமுன் கீபோர்டில் ஒரே ஒரு ‘ச’ கேட்டு வாங்குங்கள்.

தோல் வாத்தியம் வேறு கதை. தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். கடற்கரை ஊர்களில் கோடையிலும் இருக்கும். முட்டத்திலோ குளச்சலிலோ ராத்திரி ஒன்பது மணிக்குத் தோல் தொய்யும். பறையைத் தீயில் காய்ச்சி ஏற்றுவார்கள், அரைமணி நேரத்தில் மறுபடி இறங்கும். உடுக்கை வாசிக்கிறவர் இடுப்புக் கயிற்றை அமுக்கியே ஓசையை ஏற்றி இறக்குவதால் கொஞ்சம் தப்பிப்பார். கிட்டார் கம்பியில் உப்புக்காற்று பட்டால் இரண்டு நிகழ்ச்சிக்குள் மங்கிவிடும். முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலிலும் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். குடத்தை ரெக்கார்டிங்குக்கு எடுத்தால், அதன் ஓசை உங்கள் ‘ச’வுக்கோ ‘ப’வுக்கோ பக்கத்தில் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, வாயில் தட்டும் ஓசை ஏறும். அதிகம் விட்டால் ஓசை செத்துப்போகும்.

இந்த மண்ணில் நாட்டார் இசையும் மேடையும் சேர்ந்த கலை என்றால் முதலில் வில்லுப்பாட்டு. அதைப் புது ஆட்கள் ஒரு வாத்தியமாக மட்டும் பார்க்கிறார்கள். வில்லைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்திவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பை. குடத்தின் மேல் வில், வில்லில் மணிகள், தலைமைப் பாடகரான அண்ணாவி கையில் வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல். உடுக்கை, ஜால்ரா, தாளக்கட்டை, குடம். வலப்பக்கம் பாடுகிறவர்கள் கதையை எடுத்துக்கொடுக்க, இடப்பக்கம் பாடுகிறவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், நடுநடுவே ‘ஆமா’ போடுவார்கள். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்று ஒரு ஒழுங்கு. நாலு நிமிஷப் பாட்டுக்காரர் இதிலிருந்து எடுக்கவேண்டியவை இரண்டு.

ஒன்று, வருபொருள் உரைத்தல். கேட்கிறவருக்குப் பாட்டு புதிது. எதைப் பற்றியது என்று தெரியாமல் முதல் சரணத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள். பாடுமுன் இருபது விநாடி பேச்சு போதும்: “ரப்பர் வெட்டப் போற ஒரு அம்மைக்க பாட்டு, விடியக்காலம் மூணு மணிக்குத் தொடங்குது.” அவ்வளவுதான். இருபது விநாடி இரண்டு நிமிஷமானால் அது சமய மாநாட்டுப் பேச்சாகிவிடும். இரண்டு, அந்த ‘ஆமா’. உங்கள் பாட்டின் பல்லவியில் கூட்டம் திருப்பிச் சொல்ல மூன்று நான்கு அசைக்கு மேல் போகாத ஒரு சொல் இருக்கவேண்டும். முதல் தடவை கேட்கும்போதே வாயில் வரவேண்டும். இடத்தே பாடும் குழு இல்லாத குறையைக் கூட்டம்தான் தீர்க்கவேண்டும்.

ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் அங்கிருந்து சினிமாவுக்கும் போனவர். கதை சொல்லிக்கொண்டே பாட்டுக்குள் நழுவுவதும், பாட்டை நிறுத்தி ஒரு வரி நையாண்டி செய்துவிட்டு அதே தாளத்தில் திரும்ப ஏறுவதும் அவரிடம் சாகும்வரை இருந்தன. அவர் சென்னைக்கு அழைத்துப்போன சுப்பு ஆறுமுகம் அதையே முழுநேரத் தொழிலாக்கி, 2021-ல் பத்மஸ்ரீ வரை கொண்டுபோனார். கொட்டாரத்தில் வாழ்ந்து 2018-ல் மறைந்த பூங்கனி, ஆண்கள் நிறைந்த கலையில் அண்ணாவியாக நடுவில் உட்கார்ந்து வீசுகோல் பிடித்தவர். வீசுகோலைச் சுழற்றி எறிந்து பிடித்து அடிக்கும் அந்தக் கைவீச்சு போதும், தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும். அடையாளம் என்பது இப்படிக் கைத்தொழிலிலிருந்து விளைவது.

எடுக்கக்கூடாதவையும் உண்டு. சுடலைமாடன், இசக்கி கதைகளில் சாமி வரவழைக்கும் கட்டத்துக்கு உரிய அடியும் மெட்டும் தனி. அதைக் கலகலப்புக்காக கானமேளாவில் அடித்தால் கூட்டத்தில் யாருக்காவது ஆட்டம் வந்துவிடும், கமிட்டிக்காரர்கள் மேடையேறி நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பத்து ஊரில் அழைப்பு வராது. கணியான் கூத்தின் மகுடம் என்ற தோல் வாத்தியம் கணியான் சமூகத்தாரின் சடங்கு வாத்தியம். உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்களின் இணை ஓசை மயக்குவதுதான். வேண்டுமானால் அவர்களையே அழைத்து, பெயர் போட்டு, பணம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். சாம்பிள் எடுத்து வைத்துக்கொள்வது வேண்டாம். அகிலத்திரட்டு அய்யாவழி மக்களுக்கு வேதம், அதன் வரியை ராப் நடுவே செருகுவது வம்பு.

அடுத்தது வாய்மொழி. வெளியூர்க்காரர்களுக்குக் குமரித் தமிழ் என்றால் ஒன்றுதான். உள்ளே மூன்று வாயாவது இருக்கிறது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாட்டின் பேச்சு நெல்லைக்குப் பக்கம். ‘அவிய வந்தாவ’ என்று இழுபடும். கல்குளம் தாண்டி விளவங்கோடு, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் போகப்போக மலையாளத்தின் நெருக்கம்: ஓர்மை (ஞாபகம்), பறைதல் (சொல்லுதல்), சாடுதல் (குதித்தல்), கொள்ளாம் (நன்று). கடற்கரை மூன்றாவது. ஒரே பாட்டில் மூன்றையும் கலந்தால் எந்த ஊர்க்காரனும் தன் பாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டான். பல்லவியில் ‘மக்கா’ போட்டுவிட்டுச் சரணம் முழுக்கச் செந்தமிழில் எழுதுவது இன்னொரு பரவலான தப்பு. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். அதைவிட மோசம், சினிமா மதுரைத் தமிழைக் கொண்டுவந்து இங்கே நடுவது.

சரிபார்க்க வழி: வரியை மெட்டில்லாமல், வீட்டில் பேசுகிற தொனியில் சொல்லிப் பாருங்கள். உதாரணத்துக்கு மேற்குப் பக்கத்து வாயில் இரண்டு வரி:

அம்மை சொன்ன ஓர்மையுண்டு, ஆத்தங்கரை கமுகுமுண்டு,
சும்மா நிக்க நேரமில்ல, சூறக்காத்து வருது மக்கா.

திஸ்ர நடையில், கும்மி வேகத்தில் இது தானாக உட்காரும். ‘ஓர்மை’யின் இடத்தில் ‘ஞாபகம்’ போட்டால் அசையும் கெடும், ஊரும் போய்விடும். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, மருமக்கள்வழிச் சொத்துரிமை ஒரு குடும்பத்தைப் படுத்திய பாட்டை ஒரு பெண்ணின் வாயால் நையாண்டியாகப் பாடியவர். அதில் நாஞ்சில் வீட்டுப் புழக்கச் சொற்கள் வெட்கமில்லாமல் நிற்கின்றன. வட்டார வாயில் எழுதினால் வெளியில் புரியாதே என்று அஞ்சுகிறவர்களுக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய பதில் அது.

கடற்கரைப் பாட்டு எழுதுகிறவர்கள் காற்றின் பெயரில் மாட்டிக்கொள்வார்கள். கச்சான் மேற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து. ‘கச்சான் தாலாட்டுது’ என்று எழுதினால் கடலோரத்தில் சிரிப்பார்கள். கச்சான் வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், வள்ளம் கரையேறியிருக்கும். வலையிழுக்கும் அம்பாப் பாட்டின் தாளம் கையும் மூச்சும் சேர்ந்து போட்டது; ஒருவர் எடுத்துக்கொடுக்க, இழுப்பின் கனத்தில் மற்றவர் பதில் விழும். அந்த இடைவெளியை டிரம் லூப் போட்டு நிரப்பினால் பாட்டின் உயிரே அங்கே போய்விடும். கார்டு போடும்போதும் அப்படியே: மெட்டு காந்தாரத்தில் (‘க’ சுரத்தில்) நிலையாக நிற்காமல் வழுக்கிப்போனால், மேஜரா மைனரா என்று மல்லுக்கட்ட வேண்டாம். ‘ச’வும் ‘ப’வும் மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ரெக்கார்டிங்கில் ஆட்டோட்யூனைக் கூர்மையாக வைத்தாலும் இதே விபத்து. அது வழுக்கலைப் பிழை என்று நினைத்து நேராக்கிவிடும்.

இப்போது பெயர். ‘குமரி’ இன்னார், ‘நாஞ்சில்’ இன்னார் என்று முன்னொட்டு போடுவது இங்கே நீண்டநாள் வழக்கம். பேச்சாளர், எழுத்தாளர், மிமிக்ரிக்காரர் எல்லாரும் போட்டுக்கொண்டு தேய்ந்துபோன முன்னொட்டுகள். தவிர, நாஞ்சில் நாடு மாவட்டத்தின் கிழக்குப் பாதி மட்டுமே. மேற்கே இருக்கிற அருமனைக்காரர் தன்னை நாஞ்சில் என்று போட்டுக்கொண்டால் ஊருக்குள்ளேயே கிண்டல் வரும். ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் உண்மையான ஊரின் பெயரையே போடலாம். சின்ன ஊர் என்றால் இன்னும் நல்லது, தேடும்போது தனித்து நிற்கும். பட்டம் சொந்தமாகச் சூட்டிக்கொள்ளாதீர்கள். ‘கலைவாணர்’ அடுத்தவர் கொடுத்தது; ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்.

இணையத்தில் பெயருக்கு இன்னொரு சிக்கல், ஆங்கில எழுத்துக்கூட்டல். ழகரம், ஞகரம் உள்ள பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரு தளத்தில் ஒருவிதம், இன்னொன்றில் வேறுவிதம் என்று பதிவானால் பாட்டுகள் இரண்டு கலைஞர் பக்கமாகப் பிரிந்துபோகும். சேர்ப்பதற்கு மாதக்கணக்கில் மெயில் எழுத வேண்டும். முதல் பாட்டை ஏற்றுவதற்கு முன்பே ஒரு கூட்டலை முடிவு செய்து, ஸ்பாட்டிஃபை, யூடியூப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் அதே பெயரில் வேறு ஆள் இருக்கிறாரா என்று தேடிவிடுங்கள்.

மேடைக்கு வருவோம். கானமேளாக் குழுவில் புதுப்பாடகருக்கு மூன்று நாலு பாட்டு கிடைக்கும். அதில் சொந்தப் பாட்டை எங்கே வைப்பது? முதலில் வைத்தால் கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. குத்துப்பாட்டுக்கு அடுத்து வைத்தால் சூடு தணியும், விசில் கிளம்பும். கடைசியில் வைத்தால் அந்தப் பாட்டே வராமல் போகலாம். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். எட்டு மணிக்குத் தொடங்கவேண்டிய நிகழ்ச்சி தீபாராதனை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் தாண்டி ஒன்பதுக்குத் தொடங்கினால், வெட்டு விழுவது அறிமுகமில்லாத பாட்டின் மேல்தான். ஐந்தாவது அல்லது ஆறாவது இடம், அதுவும் நடுத்தர வேகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டுக்கு அடுத்து. அந்தப் பழைய பாட்டையும் நீங்களே பாடுங்கள். குரல் பழகியிருக்கும், அதே கட்டையில் நின்றால் கீபோர்டிலும் கை வைக்க வேண்டாம்.

குழுவுக்குப் பாட்டைக் கற்றுக்கொடுப்பதில் அலட்சியம் கூடாது. ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பே போனில் பாடிப் பதிந்த ஆடியோ, கார்டு எழுதிய தாள், எத்தனை ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) எது என்ற கணக்கு. தராவிட்டால் கீபோர்டுக்காரர் அவர் கைக்குப் பழகிய சினிமா முன்னிசையை வாசிப்பார், பேட் வாசிப்பவர் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு உருட்டு போடுவார், சரணத்துக்குச் சரணம் வேகம் ஏறும். முன்னிசை இரண்டு ஆவர்த்தனம், உருட்டு பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மட்டும், முடிவுக்குக் கைச்சாடை. மூன்றையும் ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மைக்செட். இங்கே பல சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு எக்கோ மேல் தனிப் பிரியம். சினிமாப் பாட்டில் அது குறை தெரியாது, வார்த்தை ஏற்கெனவே எல்லாருக்கும் மனப்பாடம். புதுப்பாட்டில் வார்த்தைதான் எல்லாம். எக்கோ அதைத் தின்றுவிடும். உங்கள் பாட்டுக்கு மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள், நிகழ்ச்சிக்கு முன்பே, டீ வாங்கிக் கொடுத்து, ‘அண்ணே’ போட்டு. மேடையிலிருந்து மைக்கில் சொன்னால் அவர் மனசு நோகும், எக்கோ கூடத்தான் செய்யும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள்; பொத்தினால் அது எல்லாத் திசையிலிருந்தும் ஓசை வாங்கிக் கீச்சிடும். உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகைப் பார்த்து இருக்கவேண்டும். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கடற்காற்றின் இரைச்சல் பாதி போகும், மிச்சத்துக்கு மைக் தலையில் ஒரு பஞ்சு உறை. குடத்துக்கு மைக்கை வாய்க்கு நேரே நீட்டாமல், ஒரு சாண் மேலே சரிவாகப் பிடிக்கவேண்டும். நேரே வைத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் காற்று மோதி ‘டப்’பென்று வெடிக்கும். வில்லின் மணி பாடகர் மைக்கில் ஏறிக் குரலைக் கிழிக்கும், அதனால் வில்லைப் பாடகரின் மைக்குக்குப் பின்பக்கமாக வையுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது கிட்டாரில் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முணுமுணுப்பு, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும்.

கிறிஸ்தவ ஊர்களில் டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் ஒரு இலவசப் பள்ளிக்கூடம். மைக் இல்லாமல், நடந்துகொண்டே, வீட்டுக்கு வீடு, பனியில் பாடுவது மூச்சைப் பழக்குகிற அளவுக்கு எந்த வகுப்பும் பழக்காது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடிந்ததும் அந்தச் சீசன் சூடுபிடிக்கும்.

பணப் பேச்சு சுருக்கமாக. முன்பணம் வாங்காமல் தேதி ஒதுக்காதீர்கள். வண்டிவாடகை, சாப்பாடு, மழை பெய்தால் என்ன என்ற மூன்றையும் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்குங்கள். நோட்டீஸில் பெயர் எப்படி வரவேண்டும் என்பதையும் அதே செய்தியில் அனுப்பிவிடுங்கள். அச்சகத்தில் திருத்தம் பார்ப்பவர் யாரும் கிடையாது.

பாட்டை வெளியிடுவதைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. ஏற்றிவிட்டாலே காசு வரும் என்பது ஒன்று. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பதிவுரிமைப் பங்கே கிடையாது. அதனால் நாற்பது விநாடி முன்னிசை வைத்துப் புல்லாங்குழலைச் சுற்றவிடுவது ஆகாத காரியம். பத்து விநாடிக்குள் குரல் வரட்டும். அவர்களுடைய ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்பே அனுப்பியிருக்க வேண்டும், மூன்று நாலு வாரம் முன்பு ஏற்றுவது நிம்மதி. யூடியூபில் நீள வீடியோ வழியில் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்து இலக்கமுள்ள ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண் வரும், அதைக் குறித்துவையுங்கள். விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால் அதுவரை ஓடிய கணக்கு பூஜ்ஜியமாகும்.

இரண்டாவது நம்பிக்கை, நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பது. மரபான வரிகளும் மெட்டும் பொதுச்சொத்துதான். ஆனால் அதற்கு இன்னொருவர் செய்த இசையமைப்பும் ஒலிப்பதிவும் பொதுச்சொத்து இல்லை. கேட்டுக் கற்றது ஒரு கேசட்டிலிருந்து என்றால், எந்த வரி மரபு, எது அந்தக் கலைஞர் புதிதாகச் சேர்த்தது என்று பிரித்தே ஆகவேண்டும். மரபுப் பாட்டைச் ‘சொந்தப் படைப்பு’ என்று பதிந்தால், அதே பாட்டை ஊரில் வேறு யாராவது பாடி ஏற்றும்போது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் அவருக்கு விழும், சண்டை வரும். ‘மரபுப் பாடல், கூடுதல் வரிகள் இன்னார், பாடிக் காட்டியவர் இன்னார்’ என்று போடுங்கள். பாடிக் காட்டிய மூதாட்டியின் பெயரை அவர் சம்மதத்தோடு போடுவதில் உங்கள் பெயர் ஒரு எழுத்துகூடக் குறையாது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரிக்கும் மெட்டுக்கும் ஆயுள்காலமும் அதற்கப்புறம் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின், உரிமையை எழுதிக்கொடுத்தாலும் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை எழுதவில்லை என்றால் இந்தியா என்று கொள்ளப்படும். ஆகவே ‘நிரந்தரமாக, உலகம் முழுக்க’ என்ற வரியைக் கண்டால் பேனாவை மூடிவைத்து இரண்டு நாள் கழித்து வாருங்கள். எழுதுகிறவராகவும் மெட்டமைப்பவராகவும், ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். 1969-லிருந்து இருக்கிற சங்கம் அது, பாடுகிறவர்களுக்கு வேறு சங்கம். நண்பர்கள் சேர்ந்து போட்ட பாட்டு என்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடாதவரை எல்லாரும் நண்பர்கள்.

அரசுப் பக்கம் சில கதவுகள் திறந்திருக்கின்றன. நாகர்கோவில் வானொலி நிலையம் 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கியது. நாட்டுப்புறப் பாட்டுக்குக் குரல்தேர்வில் பாடித் தேறினால் பதிவுக்கு அழைப்பார்கள். ஸ்டுடியோவில் எக்கோ இல்லாமல் தன் குரலைக் கேட்பது முதல் தடவை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. பணம் சிறிது, ஆனால் அரசு விழாக்களுக்கு ஆள் தேடுகிறவர்கள் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டையும் எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

உடைக்கு வந்துவிட்டோம். பளீர் வெள்ளைச் சட்டை எல்.இ.டி. விளக்கில் வெடித்து முகத்தைக் கறுப்பாக்கும், வீடியோவில் யாரென்றே தெரியாது. மங்கல் நிறம் நல்லது. கண்ணாடி வளையல் மைக் பிடிக்கும் கையில் வேண்டாம். உட்கார்ந்து கிட்டார் வாசிப்பவர் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டலாம், இல்லையென்றால் பேண்ட் போடலாம். நடுப்பாட்டில் மடித்துக்கட்ட முடியாது. உடுக்கைக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே நிறத் துண்டு போதும்.

இதெல்லாம் பிடிபட இரண்டு மூன்று சீசன் ஆகும். பிடிபட்டதா என்று தெரிந்துகொள்ள யூடியூப் எண்ணைப் பார்ப்பதைவிட அடுத்த வருஷ நோட்டீஸைப் பார்ப்பது நல்லது. கமிட்டிக்காரர் அச்சகத்தில் நின்றுகொண்டு, கானமேளாக் குழுவின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரைச் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கிறவருக்குப் புரியவேண்டுமே என்று உங்கள் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்துக் காட்டுவார். அச்சகக்காரர் அதையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் அடித்துவிடுவார், இரண்டு எழுத்துப்பிழையோடு.